மேசையைச் சுற்றி உட்கார்ந்து கதாபாத்திரங்களாக ஆடும் டேபிள்டாப் ரோல்பிளேயிங் விளையாட்டில் மந்திரப் பொருளைச் சாமர்த்தியமாகப் பயன்படுத்துவது என்றால் என்ன?

ஒரு மந்திரப் பொருள் என்ன செய்யும் என்று விதியில் எழுதியிருக்கிறதோ, அதை மட்டும் பிடித்துக்கொண்டு புது வேலைக்குத் திருப்புவதுதான் இது. தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரில், சாட்ஸ்வர்த் மேட்டில் பக்கி (பிக்கப்) வண்டியை நிறுத்தினால் சக்கரத்துக்கு அடியில் மரக்கட்டை வைப்போம். காற்றில் அடித்துக்கொள்ளும் கதவையும் அதே கட்டை நிறுத்தும். நகராமல் இருப்பது ஒன்றே அதன் வேலை. எங்கே வைப்பது என்பது நம் கையில்.

அப்படிப்பட்ட விளையாட்டான டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் இம்மூவபிள் ராட், அதாவது அசையாக் கோல், அந்தக் கட்டையேதான். பொத்தானை அழுத்தினால் வெறும் காற்றில் நின்றுவிடும். உள்பக்கம் திறக்கும் கதவுக்குப் பின்னால், கதவை ஒட்டி நிறுத்துங்கள், தாழ்ப்பாள் தயார். வெளிப்பக்கம் திறக்கும் கதவென்றால் கைப்பிடிக்குள் நுழைத்து நிறுத்த வேண்டும். இதை மறப்பவர்கள்தான் அதிகம். இரண்டு கோல் இருந்தால் மாற்றி மாற்றிப் பிடித்துச் சுவரில்லாத இடத்திலும் ஏறலாம். ஒவ்வோர் அழுத்தலுக்கும் ஒரு ஆக்‌ஷன், அதாவது உங்கள் முறையில் செய்யக்கூடிய முக்கியச் செயல், செலவாகும் என்பதால் சண்டை நடுவே இது சரிப்படாது.

பேக் ஆஃப் ஹோல்டிங்கில், அதாவது வெளியே தெரிவதைவிட உள்ளே இடம் அதிகமுள்ள மந்திரப் பையில், மணல் நிரப்பி, பையை உள்வெளியாகத் திருப்பினால் எல்லாம் ஒரேயடியாகக் கொட்டும், சின்னத் தீ அணைந்துவிடும். கொள்ளளவு 64 கன அடி என்று நம்பி நிரப்பாதீர்கள். எடை வரம்பு 500 பவுண்டுதான், மணல் ஏறக்குறைய 5 கன அடியிலேயே அதைத் தொட்டுவிடும். மிஞ்சினால் பை கிழிந்து, உள்ளிருப்பது ஆஸ்ட்ரல் தளம் என்ற வேறோர் உலகில் சிதறிப்போகும்.

அசையாக் கோல் எதையும் தாங்கும் என்று பலர் நினைக்கிறார்கள். 8,000 பவுண்டுக்கு மேல் பாரம் ஏறினால் அது செயலிழந்து கீழே விழும்.