குடும்பத்துக்கு எலக்ட்ரிக் காரா, ஹைபிரிட் காரா? தினமும் 50 கி.மீ. ஓட்டம், வருஷத்துக்கு இரண்டு நீண்ட பயணம். எதை வாங்கலாம்?

இதே கேள்வி எங்கள் வீட்டில் ஏழு வருஷத்தில் இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் வேறு வேறு பதில் சொல்லிக்கொண்டோம். முதலில் கைமாறிய ஹைபிரிட் ஒன்று, அதாவது பெட்ரோல் என்ஜினும் மின் மோட்டாரும் சேர்ந்து ஓட்டும் கார், நான்கு வருஷம். அதைக் கொடுத்துவிட்டு எலக்ட்ரிக், இப்போது மூன்றாவது வருஷம் ஓடுகிறது. அதனால் இரண்டையும் தினமும் ஓட்டியவள் என்ற உரிமையில் எழுதுகிறேன். எந்தக் கம்பெனியிலிருந்தும் எனக்குக் கமிஷன் கிடையாது, இதைச் சொல்லாமல் எழுதினால் முதல் ஆளாக யாராவது அதைத்தான் கேட்பார்கள்.

வீட்டில் ஐந்து பேர், தினமும் 50 கி.மீ., வருஷத்துக்கு இரண்டு தடவை 400 கி.மீ. பயணம் என்று எழுதியிருக்கிறீர்கள். எல்லாம் சரி, ராத்திரி கார் எங்கே நிற்கும் என்று ஒரு வார்த்தை இல்லையே! உங்களுக்கென்று ஒரு பார்க்கிங் இடம் இருக்கிறது, அங்கே பிளக் இன்னும் இல்லை என்று நானே வைத்துக்கொள்கிறேன். பிளக் போட வழியே இல்லாத இடம் என்றால், இதற்கு மேல் படிக்க வேண்டாம், ஹைபிரிட் வாங்கிவிடுங்கள். வெளியே போய்ப் போய் சார்ஜ் போட்டுக் குடும்பம் நடத்தும் ஆட்கள் இருக்கிறார்கள், அவர்கள் பொறுமைக்கு ஒரு கும்பிடு. என்னால் முடியாது.

ஹைபிரிட்டை முதலில் சொல்லிவிடுகிறேன். வாங்கப்போகிறோம் என்றதும் என் கொழுந்தன், “அண்ணி, இதெல்லாம் புது டெக்னாலஜி, நாலு வருஷம் போகட்டும், அப்புறம் பார்க்கலாம்” என்றான். டொயோட்டா பிரியஸ் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது 1997இல். அப்போது இவன் பள்ளிக்கூடத்தில் சேரக்கூட இல்லை. நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் அந்தக் காரின் அருமை தெரியும். பிரேக் போடும்போது வீணாகப் போகிற வேகத்தை மோட்டார் பிடித்து பேட்டரிக்கு அனுப்பும், அடுத்து நகரும்போது அதையே எடுத்துச் செலவு பண்ணும், சிக்னலில் என்ஜின் வாயை மூடிக்கொண்டு நிற்கும். நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் இந்த லாபம் குறைந்துவிடும், பிடிக்கப் பிரேக்கே இல்லையே. அதனால் உங்கள் 50 கி.மீ. நெரிசலிலா, காலியான சாலையிலா என்று பாருங்கள். இன்னொன்று, ஹைபிரிட் என்று பெயர் ஒட்டியதெல்லாம் ஹைபிரிட் இல்லை. ‘மைல்டு ஹைபிரிட்’ என்பவற்றில் பெரும்பாலும் மோட்டார் தனியாகக் காரை நகர்த்தாது, என்ஜினுக்குத் தோள் கொடுக்கும், அவ்வளவுதான். பிளக் போடும் ஹைபிரிட் நல்ல சரக்கு, ஆனால் பிளக் போடாவிட்டால் பெரிய பேட்டரியைச் சும்மா சுமந்துகொண்டு போகும் பெட்ரோல் கார்.

எங்கள் ஹைபிரிட் நான்கு வருஷத்தில் ஒரே ஒரு தடவைதான் மக்கர் செய்தது, அதுவும் எங்கள் தப்பு. பின்சீட்டின் ஓரத்தில், கதவுப் பக்கம், உள்ளங்கை அகலத்துக்கு ஒரு சல்லடை இருக்கும். பேட்டரியைக் குளிர வைக்கும் காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. சின்னவள் தூங்குவதற்காகப் போட்ட போர்வை தினமும் அதன் மேல்தான் கிடந்திருக்கிறது. பின்னாலிருந்து ஒரு மாதமாக உய்ய்ய் என்று விசிறிச் சத்தம் வந்தும் யாரும் கவனிக்கவில்லை, ஒரு நாள் திரையில் எச்சரிக்கை விளக்கு வந்த பிறகுதான் மெக்கானிக்கிடம் போனோம். அவர் சல்லடையைக் கழற்றிக் காட்டினார். தலைமுடி, போர்வைப் பஞ்சு, தூசி, எல்லாம் சேர்ந்து கம்பளித் துண்டு மாதிரி ஒன்று. பழைய ஹைபிரிட் பார்க்கப் போனால், அந்த மாடலில் இப்படிச் சல்லடை இருந்தால், வேறு எதைப் பார்க்கிறீர்களோ இல்லையோ அதைக் கழற்றிப் பாருங்கள். பழைய சொந்தக்காரர் காரை எப்படி வைத்திருந்தார் என்று அது சொல்லிவிடும்.

சரி, எலக்ட்ரிக்.

எல்லோரும் ரேஞ்ச், ரேஞ்ச் என்றே கேட்கிறார்கள், ஒரு சார்ஜில் எத்தனை கி.மீ. ஓடும் என்பதைத்தான். எங்கள் வீட்டில் வந்த சிக்கல், ராத்திரி பிளக்கை யார் சொருகுவது என்பது. சிரிக்காதீர்கள். வாங்கி எட்டு மாதம் ஆகியிருக்கும். அன்று சாயங்காலம் நான் வேலையிலிருந்து வந்து காரை நிறுத்தினேன், கணவர் எப்படியும் வெளியே எடுப்பார் என்று பிளக் போடவில்லை. அவர் எடுத்துக்கொண்டு போய் ஒன்பது மணிக்கு வந்தார். கேபிள் காருக்குப் பக்கத்தில் தரையில் கிடந்ததைப் பார்த்து, நான் போடுவேன் என்று விட்டுவிட்டார். ராத்திரி இரண்டு மணிக்கு மாமனாருக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. காரை ஆன் செய்தால் 11 சதவீதம், சிவப்பில்.

கணவர் கையும் ஓடாமல் காலும் ஓடாமல் நின்றார். நானும்தான். “வழியில நின்னுட்டா என்ன பண்றது?” என்று அவர் கேட்க, நான் வாடகைக் காரைக் கூப்பிட்டேன். அது வர இருபது நிமிஷம். மாமனார் வாசல்படியில் உட்கார்ந்து, எங்களைச் சமாதானப்படுத்திக்கொண்டிருந்தார். மருத்துவமனை 9 கி.மீ. தூரம். எங்கள் காரின் பேட்டரி 40 கிலோவாட் ஹவர், அதாவது மின்சார மீட்டரில் ஓடும் யூனிட் கணக்கில் 40 யூனிட். 11 சதவீதம் என்றால் கிட்டத்தட்ட நாலரை யூனிட். ஒரு யூனிட்டுக்கு ஆறு கி.மீ. என்று குறைத்தே வைத்தாலும் போய், வந்து, அவசரமென்றால் இன்னொரு தடவையும் போகலாம். திரையில் 27 கி.மீ. என்று எழுதியே இருந்தது. நாங்கள் சிவப்பு நிறத்தை மட்டும்தான் பார்த்தோம். பழைய பெட்ரோல் காரில் ரிசர்வ் விளக்கை எரியவிட்டு இரண்டு நாள் கவலையில்லாமல் ஓட்டிய அதே நாங்கள்!

மாமனாருக்குப் பெரிதாக ஒன்றும் இல்லை, மறுநாள் மதியம் வீட்டுக்கு வந்துவிட்டார். ஆம்புலன்ஸை அல்லவா அழைத்திருக்க வேண்டும் என்று கேட்கப்போகிறவர்களுக்கு: ஆமாம், அழைத்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் தோன்றவில்லை. “இதற்குத்தான் எலக்ட்ரிக் வேண்டாம் என்கிறோம்” என்று கிளம்பப்போகிறவர்களுக்கு: கார் தயாராகத்தான் நின்றது, நாங்கள்தான் தயாராக இல்லை. அந்த இருபது நிமிஷத்தை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைப் பிசையும்.

மறுநாளே சாவி மாட்டும் ஆணியைக் கூடத்திலிருந்து பிடுங்கி, கார் நிற்குமிடத்தில் சார்ஜர் சுவிட்சுக்கு மேலேயே அடித்தோம். பிளக்கைப் பார்க்காமல் சாவியை மாட்ட முடியாது. கடைசியாக யார் ஓட்டி வருகிறார்களோ அவர்கள் சொருக வேண்டும், பேச்சே கிடையாது. படுக்கப்போகும் முன் மாமனார் ஜன்னல் வழியாக எட்டி, பச்சை விளக்கு எரிகிறதா என்று ஒரு தடவை பார்த்துவிடுவார். அதற்குப் பிறகு ஒரு காலையிலும் எங்களுக்குச் சார்ஜ் பற்றாமல் போனதில்லை.

உங்கள் 50 கி.மீ.க்கு எட்டு யூனிட் போதும், பத்தென்றே வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் மீட்டரில் ஓடுவதில் ஒரு பங்கு சார்ஜ் ஏறும்போதே சூடாகப் போய்விடும். வீட்டுப் பிளக்கிலேயே மணிக்கு இரண்டு, இரண்டரை யூனிட் ஏறும். நாலைந்து மணி நேரத்தில் வேலை முடிந்தது, நீங்கள் தூங்கி எழுவதற்குள். பெரிய சுவர் சார்ஜர் உடனே வேண்டும் என்று யாராவது தலையில் கட்டினால், காருக்குள் இருக்கும் ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட் என்று முதலில் கேளுங்கள். அது 3.3 என்றால், சுவரில் 7 மாட்டினாலும் 3.3தான் உள்ளே போகும். ஆனால் பிளக்குக்கு வரும் ஒயரையும் எர்த்தையும் நல்ல எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்க்க வேண்டும், மணிக்கணக்கில் ஒரே லோடு இழுக்கிற சமாசாரம் இது.

இந்த ஆன்போர்டு சார்ஜர் என்றதும் எனக்கு ஒரு எரிச்சல் நினைவுக்கு வருகிறது, கேள்விக்குச் சம்பந்தமில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் வீட்டில் தினமும் ஓட்டுகிறவள் நான். ஷோரூமில் விற்பனையாளர் டார்க், பவர், பேட்டரி வாரன்டி எல்லாவற்றையும் என் கணவரின் முகத்தைப் பார்த்தே சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே புகுந்து, “ஆன்போர்டு சார்ஜர் எத்தனை கிலோவாட்?” என்று கேட்டேன். அவர் கணவர் பக்கம் திரும்பி, “சார், மேடத்துக்கு கலர் காட்டட்டுமா?” என்றார். என் கணவர் என்ன செய்திருக்க வேண்டும்? அவர், “ம்ம், காட்டுங்க” என்றார்! மூன்று வருஷமாகிறது, சண்டை எதைப் பற்றி ஆரம்பித்தாலும் இந்த “ம்ம், காட்டுங்க”வில்தான் வந்து நிற்கும். அந்த ஷோரூமில் நாங்கள் வாங்கவில்லை.

நீண்ட பயணத்தைப் பற்றி மழுப்ப மாட்டேன். எங்கள் அளவு பேட்டரியில் 400 கி.மீ. போக இரண்டு தடவை நிறுத்துகிறோம். காற்றின் தடை வேகத்தின் வர்க்கத்தில் ஏறும், 80இல் போகிறவர் 110 தொட்டால் அது ஏறக்குறைய இரண்டு மடங்கு. அதனால் ஊருக்குள் ஒரு யூனிட்டுக்கு ஆறேழு கி.மீ. கொடுத்த கார் நெடுஞ்சாலையில் ஐந்துக்கு இறங்கிவிடும். வேகச் சார்ஜரில் 80 சதவீதம் வரை மளமளவென்று ஏறும், அதற்கு மேல் ஆமைதான், 100க்காக உட்கார்ந்திருக்காதீர்கள். குழந்தைகள், வயதானவர்கள் இருந்தால் எப்படியும் இரண்டு இடத்தில் நிறுத்தத்தானே போகிறீர்கள், ஆனால் நிறுத்தம் நீங்கள் நினைத்த இடத்தில் இருக்காது, சார்ஜர் இருக்கும் இடத்தில் இருக்கும். இது பிடிக்காதவர்களுக்குக் கடைசி வரை பிடிக்காது. வருஷத்தில் நான்கு நாள் போகிற பயணத்துக்காக மீதி 361 நாளுக்கான காரைத் தேர்ந்தெடுப்பது எனக்குச் சரியாகப் படவில்லை, அந்த நான்கு நாளுக்கு வேறு கார் எடுத்துக்கொண்டாலும் போயிற்று. இது என் கணக்கு. மாதம் இரண்டு தடவை வெளியூர் போகிறவர்களுக்கு நானே ஹைபிரிட்தான் சொல்வேன்.

பேட்டரி போய்விடுமே என்ற பயம் எனக்கும் இருந்தது. பல கம்பெனிகள் 8 வருஷம் அல்லது 1,60,000 கி.மீ. வரை, கொள்ளளவு 70 சதவீதத்துக்குக் கீழே போகாது என்று வாரன்டி தருகின்றன. எழுத்தில் வாங்கிப் படியுங்கள். எங்களுடையது எல்.எஃப்.பி. (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்) வகை பேட்டரி, வாரத்துக்கு ஒரு தடவை 100 வரை போடச் சொல்லி அதன் கையேடே சொல்கிறது. கொழுந்தன் 80க்கு மேல் போடவே கூடாது என்று ஒரு வருஷம் அறிவுரை சொன்னான், அது வேறு வகை பேட்டரிக்கான பேச்சு. எங்களைக் கைவிட்டது பெரிய பேட்டரியே இல்லை, சாதாரணக் காரில் இருப்பது போலவே இதிலும் இருக்கும் சின்ன 12 வோல்ட் பேட்டரி. ஒரு காலையில் அது செத்துப்போய்க் கதவே திறக்கவில்லை. உள்ளே முழுச் சார்ஜ், வெளியே நான் பையோடு.

அப்புறம், டெஸ்ட் டிரைவுக்கு வீட்டில் எல்லோரையும் கூட்டிப் போங்கள். பேட்டரி தரைக்கு அடியில் இருப்பதால் சில எலக்ட்ரிக் கார்களில் பின்பக்கத் தரை உயர்ந்து, உட்கார்ந்தால் முட்டி மேலே தூக்கிக்கொண்டு நிற்கும், தொடைக்குத் தாங்கல் இருக்காது. மாமியார் ஒரு காரில் ஐந்து நிமிஷம் உட்கார்ந்துவிட்டு, “இதுக்கு நான் தரையிலேயே உட்கார்ந்துக்கறேம்மா” என்று இறங்கிவிட்டார், அந்தக் கார் அதோடு பட்டியலில் இல்லை. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் கார் தானாக இழுத்துப் பிடிக்குமே, அந்த இழுவையில் பின்னால் இருப்பவர்களுக்குக் குமட்டும், எங்கள் பெரியவளுக்கு முதல் வாரம் இரண்டு தடவை வாந்தி. இழுவையைக் கடைசி நிலைக்குக் குறைத்த பிறகு சரியானது. குறைக்க வழி இருக்கிறதா, அது திரையில் எத்தனை மெனுவுக்குள் ஒளிந்திருக்கிறது என்று அங்கேயே பாருங்கள்.

ஆக, உங்கள் இடத்தில் பிளக் போட அனுமதி கிடைக்குமென்றால் நான் எலக்ட்ரிக் என்பேன். அனுமதியை எழுத்தில் வாங்கிவிட்டு முன்பணம் கட்டுங்கள், கட்டிவிட்டு அனுமதி கேட்காதீர்கள். டெஸ்ட் டிரைவுக்கு ஞாயிற்றுக்கிழமை போக வேண்டாம், கூட்டத்தில் ஒரு சுற்றுக்கு மேல் ஓட்டவிட மாட்டார்கள்.