மாற்றுச் சிறுநீரகத்தின் இரவும் பகலும்

ஓய்வுபெற்ற சிறுநீரக மருத்துவர் ஒருவரிடம் வேலூர் வட்டாரத்தினர் கேட்டவையும் அவர் எழுதிய பதில்களும்.

குடியாத்தம்: ஐயா, மாற்று அறுவை சிகிச்சை முடிந்து நான்கு மாதங்களாகின்றன. பகலைவிட இரவில்தான் சிறுநீர் அதிகம் பிரிகிறது. நான்கு முறை எழுகிறேன். சிறுநீரகம் பழுதாகிறதா?

பதில்: இதை மட்டும் வைத்துப் பழுது என்று சொல்ல முடியாது. நல்ல சிறுநீரகம் பகலில் கூடுதலாகவும் இரவில் குறைவாகவும் வடிகட்டும். உறக்கத்தில் வாசோப்ரெசின் என்னும் ஹார்மோன் சிறுநீரைக் குறைத்து அடர்த்தியாக்கும். மாற்றுச் சிறுநீரகத்தில் இந்த ஒழுங்கு மங்குவதும், சிலருக்குத் தலைகீழாவதும் உண்டு. பகலெல்லாம் கால்களில் தேங்கிய நீர் படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்புகிறது. டயாலிசிஸ் காலத்தில் வேலையின்றிச் சுருங்கிய சிறுநீர்ப்பை கொஞ்சம் நிறைந்தாலே எழுப்பிவிடுகிறது. உடல் புதிய சிறுநீரகத்தை எதிர்க்காமலிருக்கத் தரும் டாக்ரோலிமஸும் ஸ்டீராய்டும் ரத்தச் சர்க்கரையை ஏற்றியிருந்தாலும் இதே தொல்லைதான். ஆகவே அளவுக் குவளையில் பிடித்து, விழித்திருக்கும் நேரத்துக்கு ஒரு கணக்கு, படுத்தபின் ஒரு கணக்கு என்று மூன்று நாள் நோட்டில் எழுதி மருத்துவரிடம் காட்டுங்கள். தண்ணீரில் பெரும்பங்கை மாலைக்குள் குடித்துவிடலாம். ஆனால் வேலூர் வெயிலில் மொத்த அளவை நீங்களாகக் குறைக்காதீர்கள். மொத்தச் சிறுநீரே குறைந்தாலோ காய்ச்சல் கண்டாலோ அன்றைக்கே புறப்படுங்கள்.

ஆரணி: நரம்புகளை அறுத்து எடுத்து வைத்த சிறுநீரகத்துக்கு இரவு பகல் எப்படித் தெரியும்?

பதில்: நல்ல கேள்வி. நரம்பு இல்லாவிட்டாலும் ரத்தம் செய்தி கொண்டுவருகிறது: விடியலில் உயரும் கார்ட்டிசால் என்னும் ஹார்மோன், உணவு வேளை, படுப்பதும் எழுவதும். அதோடு சிறுநீரகத்தின் உயிரணுக்களுக்குள்ளேயே நாளின் நேரத்தைக் கணக்கிடும் கடிகார மரபணுக்கள் இயங்குகின்றன. இந்தியாவில் வெற்றிகரமான முதல் சிறுநீரக மாற்று 1971-இல் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் நடந்தது, அதே ஆண்டில்தான் கொனோப்கா, பென்சர் என்னும் ஆய்வாளர்கள் பழ ஈக்களில் நாள்தாளம், அதாவது இரவு பகல் ஒழுங்கு, பிறழ்ந்த வகைகளைக் கண்டு எழுதினார்கள். தற்செயல்தான், ஆனாலும் எனக்குப் பிடித்த தற்செயல்.

இராணிப்பேட்டை: பகலில் ரத்த அழுத்தம் சரியாக இருந்தால் போதாதா?

பதில்: போதாது. உறக்கத்தில் அது பத்து விழுக்காடாவது இறங்க வேண்டும். மாற்றுச் சிறுநீரகம் பெற்ற பலருக்கு இறங்குவதில்லை. ரத்த அழுத்தத்தை 24 மணி நேரமும் அளக்கும் கருவியைக் கட்டிப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ஆம்பூர்: காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஆய்வகம் போனேன், டாக்ரோலிமஸ் அளவு மிக அதிகமாக வந்தது. சிறுநீரகம் வெளியேற்றும் கழிவான கிரியாட்டினினும் ரத்தத்தில் சற்றுக் கூடியிருக்கிறது. பயமாக இருக்கிறது.

பதில்: முந்தைய இரவு மாத்திரைக்குப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து, காலை மாத்திரைக்கு முன் எடுத்த ரத்தத்தில்தான் அந்த அளவைப் பார்ப்பார்கள். மாத்திரை போட்டு ஓரிரு மணி நேரத்தில் அது உச்சத்தில் நிற்கும். அந்த எண்ணைக் கொண்டு மருந்தைக் குறைத்தால் உடல் சிறுநீரகத்தை எதிர்க்கத் தொடங்கலாம். முதல் நாள் இரவு பிரியாணி சாப்பிட்டீர்களா? ஆம்பூர்க்காரரிடம் கேட்க வேண்டியதில்லைதான். சமைத்த இறைச்சி கிரியாட்டினினைச் சில மணி நேரம் ஏற்றிக் காட்டும். ஆயினும் பிரியாணி மேல் பழியைப் போட்டுவிட்டு இருந்துவிடாதீர்கள். நடந்ததை மருத்துவரிடம் சொல்லி இந்த வாரமே மறுபரிசோதனை செய்யுங்கள். காலை மாத்திரையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பேருந்து ஏறி, ரத்தம் கொடுத்தபின் போட்டுக்கொள்ளுங்கள்.