பெரிய பிரவுன் டிரவுட் மீனை இரவில் பிடிப்பது எப்படி?

பகலில் கண்ணிலேயே படாத பெரிய பிரவுன் டிரவுட், இரவில் மட்டும் எப்படித் தூண்டிலில் சிக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். வளர்ந்த மீன் பகலில் கரையின் குடைவிலும் நீரில் சாய்ந்த மரங்களின் அடியிலும் பதுங்கிக் கிடக்கும். இருட்டிய பிறகுதான் ஆழம் குறைந்த இடத்துக்கு வேட்டைக்கு வரும். சிறு மீன்கள் மட்டுமல்ல, தவறி ஆற்றில் விழுந்த எலியும் அதற்கு இரைதான்.

அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் இந்த இரவு வேட்டை ஒரு பித்து. ஜெர்மனியிலிருந்து வந்த முட்டைகளில் பொரித்த இந்த மீனின் குஞ்சுகளை 1884இல் அங்குள்ள பியர் மார்க்கெட் ஆற்றின் கிளையொன்றில்தான் விட்டார்கள். ஜூன் இறுதியில் ‘ஹெக்ஸ்’ என்னும் பெரிய பூச்சிகள் இரவில் ஆற்றின்மேல் மொய்க்கும். அப்போது அதே வடிவச் செயற்கைப் பூச்சி போதும். மற்ற இரவுகளில் மான் முடியால் கட்டிய செயற்கை எலி.

அதை எதிர்க்கரையோரம் வீசி, நீர்மேல் கோடு கிழிப்பதுபோல் மெல்ல இழுங்கள். ‘தளக்’ என்று சத்தம் கேட்டதும் கோலைச் சுண்டிவிடாதீர்கள். நானும் அப்படித்தான் பல மீன்களைக் கோட்டைவிட்டேன். கையில் எடை தெரிந்த பிறகே கொக்கியை ஏற்ற வேண்டும். தூண்டில் நரம்பு தடிமனாகவே இருக்கட்டும், இருட்டில் மீன் அதைப் பொருட்படுத்துவதில்லை. விளக்கைத் தண்ணீரின்மேல் அடிக்காதீர்கள். முக்கியமாக, ஆற்றைப் பகலிலேயே ஒருமுறை நடந்து பார்த்துவிடுங்கள். குழி எங்கே என்பதை நள்ளிரவில் காலால் கண்டுபிடிக்கக் கூடாது.