ஸ்பீக்கர் போச்சா, வயர் போச்சா?

கேள்வி: ஐயா, என்னிடம் 2008 மாடல் சின்ன கார் ஒன்று இருக்கிறது. நான் மூன்றாவது கை. சீட்டுக்கு அடியில் நான்கு சேனல் ஆம்ப் (சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப்ளிஃபையர்) வைத்து, நான்கு கதவிலும் ஸ்பீக்கர் போட்டிருக்கிறார்கள். டிரைவர் பக்கத்து ஸ்பீக்கர் விட்டு விட்டுப் பாடுகிறது. சத்தத்தைக் கூட்டினால் பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் எல்லாமே நின்று, ஆம்பில் சிவப்பு விளக்கு எரிகிறது. வண்டியை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டால் மறுபடி பாடுகிறது. கடையில் காட்டினேன். கழற்றிப் பார்க்காமலேயே, “ஆம்பும் போச்சு, ஸ்பீக்கரும் போச்சு, செட்டையே மாத்திடுங்க” என்று 16,000 ரூபாய் கேட்கிறார்கள். மாற்றிவிடலாமா? (குடியாத்தம் வாசகர்)

பதில்: இப்போதைக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்யாதீர்கள். பாதி விடை உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. உள்ளே எரிந்துபோன ஆம்ப், வண்டியை அணைத்து வைத்ததும் பிழைத்து எழுந்து பாடுவது அபூர்வம். அந்தச் சிவப்பு விளக்கு ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ளத் தானே நிறுத்திக்கொண்டது என்பதற்கான அடையாளம். ஸ்பீக்கர் வயர் எங்காவது ஷார்ட் ஆகலாம், மின்சாரம் போதாமல் போகலாம், சூடு ஏறியிருக்கலாம். அதேபோல, உள்ளே இருக்கும் கம்பிச் சுருள், அதாவது காயில், எரிந்த ஸ்பீக்கர் பெரும்பாலும் ஒரேயடியாக ஊமையாகிவிடும். போய்ப் போய் வருகிறது என்றால் முதலில் வயரைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

அதிலும் டிரைவர் கதவு என்கிறீர்கள். காரில் அதிகமாகத் திறந்து மூடப்படுவது அந்தக் கதவுதானே? கதவுக்கும் கார் பாடிக்கும் நடுவே, கீலுக்குப் பக்கத்தில், மடிப்பு மடிப்பாக ஒரு கறுப்பு ரப்பர் குழாய் இருக்கும். பெல்லோஸ் என்பார்கள். ஸ்பீக்கர் வயர் அதற்குள்தான் போகிறது. பதினைந்து வருடம் மடங்கி நிமிர்ந்த வயர் அங்கேதான் ஒடியும். என் பழைய வண்டியில் இதே கோளாறு வந்தபோது, அவசரப்பட்டுப் புது ஸ்பீக்கர் ஜோடி வாங்கி மாட்டினேன். அதுவும் பாடவில்லை. பிறகு பெல்லோஸை இழுத்துப் பார்த்தால், வயரின் மேல்தோல் முழுசாக இருந்தது. விரலால் நெருடியபோது ஓரிடத்தில் மட்டும் தொளதொளவென்று வளைந்தது. பிளேடால் கீறிப் பார்த்தேன். செம்பு இழைகள் பச்சை பூத்து அறுந்து, கதவைத் திறக்கும்போது விலகி, மூடும்போது தொட்டுக்கொண்டிருந்தன.

நீங்கள் செய்ய வேண்டியது சுலபம். சுவர்க் கடிகாரத்தில் போடும் 1.5 வோல்ட் பென்சில் செல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். செட்டை (முன்னால் இருக்கும் பாட்டுப் பெட்டியை) அணைத்துவிட்டு, ஆம்பிலிருந்து டிரைவர் கதவுக்குப் போகும் இரண்டு வயர்களை மட்டும் கழற்றுங்கள். அந்த இரண்டு முனைகளையும் செல்லின் இரு பக்கமும் தொட்டுத் தொட்டு எடுங்கள். ஒவ்வொரு தொடலுக்கும் கதவில் ‘டப்’ என்று கேட்டால் வயரில் தொடர்ச்சி இருக்கிறது, ஸ்பீக்கர் காயிலும் அறுந்துபோகவில்லை. தொடும்போதே வீட்டில் யாரையாவது கதவை மெதுவாகத் திறந்து மூடச் சொல்லுங்கள். ஏதோ ஒரு கோணத்தில் ‘டப்’ காணாமல் போனால் ஒடிந்த இடம் பெல்லோஸுக்குள் இருக்கிறது. ஆம்பில் மாட்டியிருக்கும் வயரில் மட்டும் செல்லை வைக்காதீர்கள், கழற்றிய பிறகுதான்.

எந்தக் கோணத்திலும் சத்தமே வரவில்லையா? அப்போது டோர் பேடை, அதாவது கதவின் உள்பக்க மூடியைக் கழற்றி, ஸ்பீக்கர் முனையிலேயே செல்லைத் தொட்டுப் பாருங்கள். அங்கே சத்தம் வந்தால் வயர் போயிருக்கிறது, வராவிட்டால் ஸ்பீக்கர் போயிருக்கிறது. மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் தெளிவு கிடைக்கும். சின்ன மீட்டர் சில நூறு ரூபாய்க்குள் வந்துவிடும். 4 ஓம் என்று போட்ட ஸ்பீக்கர் மீட்டரில் 3.2 முதல் 3.8 வரை காட்டுவதுதான் சரி. 4 காட்டவில்லையே என்று யாராவது பயமுறுத்தினால் நம்ப வேண்டாம். எண்ணே வராமல் நின்றால் காயில் அறுந்திருக்கிறது. 1-க்கும் கீழே வந்தால் உள்ளே ஷார்ட்.

அப்படியே இன்னொன்றும் பாருங்கள். மீட்டரை ‘பீப்’ அடிக்கும் நிலையில் வைத்து, ஒரு முனையைக் கழற்றிய ஸ்பீக்கர் வயரிலும் மற்றொன்றைப் பெயின்ட் இல்லாத பாடி இரும்பிலும் வையுங்கள். இரண்டு வயரில் எது பாடியோடு ‘பீப்’ அடித்தாலும் ஆம்பின் சிவப்பு விளக்குக்குக் காரணம் கிடைத்துவிட்டது. உங்கள் வண்டியில் இரண்டு கோளாறுக்கும் வேர் ஒன்றாகவே இருக்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது: ஒடிந்த இழை அதிர்வில் கதவு இரும்பைத் தொடுகிறது, ஆம்ப் நின்றுவிடுகிறது. உறுதி செய்ய வேண்டுமா? அந்தக் கதவின் வயரைக் கழற்றி முனைகளில் டேப் சுற்றிவிட்டு, மற்ற மூன்றோடு அதே பள்ளிகொண்டா சாலையில் அதே சத்தத்தில் போய்ப் பாருங்கள். நிற்கவில்லை என்றால் முடிந்தது விஷயம். புது வயர் இழுத்து, சால்டர் வைத்து, ஸ்லீவ் போட்டு மூடச் சொல்லுங்கள். வெறுமனே முறுக்கி டேப் சுற்றினால் அடுத்த மழைக்குள் திரும்பக் கடைக்குப் போக வேண்டியிருக்கும்.

அப்போதும் நின்றால் மின்சாரத்தைப் பாருங்கள். இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை இருக்கும். சத்தமாகப் பாட்டு ஓடும்போது பேட்டரியில் ஒரு அளவு, ஆம்பின் பிளஸ், எர்த் (பாடியோடு சேரும் மைனஸ்) திருகுகளில் ஓர் அளவு எடுங்கள். அரை வோல்ட்டுக்கு மேல் வித்தியாசம் இருந்தால் வழியில் எங்கோ இணைப்பு சரியில்லை. பழைய வண்டிகளில் அது பெரும்பாலும் எர்த்தில்தான். ஆம்பின் கறுப்பு வயரைப் பிடித்துக்கொண்டே போனால், தரைவிரிப்புக்குக் கீழே பெயின்ட்டுக்கு மேலேயே ஒரு திருகு போட்டு முறுக்கியிருப்பார்கள், சுற்றிலும் துருப்பிடித்திருக்கும். பேட்டரி மைனஸைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் இரும்பு பளிச்சென்று தெரியும்வரை உப்புத்தாள் தேயுங்கள். பல் வைத்த வாஷர் போட்டு இறுக்குங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் எர்த் கொடுக்க வேண்டாம். அது உயிர் காக்கிற போல்ட்.

சூட்டையும் சொல்ல வேண்டும். கத்திரி வெயிலில் நம் ஊரில் நிறுத்தி வைத்த காருக்குள் உட்கார முடியாது. சீட்டுக்கு அடியில் ஆம்பை வைத்து, மேலே மேட்டையும் போட்டு மூடியிருந்தால் காற்று எங்கிருந்து வரும்? நின்றவுடன் ஆம்பைத் தொட்டுப் பாருங்கள். கை வைக்க முடியாத சூடென்றால் மேட்டை விலக்கி, அடியில் சின்ன மரக்கட்டை கொடுத்துத் தூக்கி வையுங்கள்.

கடைசியில் ஒரு சோதனை. நான்கு ஸ்பீக்கர் வயர்களையும், செட்டிலிருந்து ஆம்புக்குப் பாட்டைக் கொண்டுவரும் ஆர்சிஏ வயரையும் கழற்றிவிட்டு, மின்சாரம் மட்டும் கொடுத்து ஆம்பைப் போடுங்கள். அப்போதும் சிவப்பு எரிந்தால் ஆம்புக்குள் கோளாறு இருக்க வாய்ப்பு அதிகம். அந்தக் கடைக்காரர் முதலில் செய்திருக்க வேண்டிய சோதனை இது, இரண்டு நிமிட வேலை.

கேள்வி: ஆக்சிலேட்டர் மிதிக்க மிதிக்க ஸ்பீக்கரில் ‘கீய்ங்’ என்று சத்தமும் ஏறுகிறது. ‘ஃபில்டர்’ போட்டால் சரியாகும் என்கிறார்கள். வாங்கலாமா? (ஆற்காடு வாசகர்)

பதில்: அது, இன்ஜினோடு சுழன்று பேட்டரியைச் சார்ஜ் செய்யும் ஆல்டர்னேட்டரின் சத்தம். ஃபில்டர் கடைசி மருந்து, முதலில் மூலத்தைத் தேடுங்கள். லைட்டர் பாயிண்டில் போன் சார்ஜர் போட்டு, அதே போனை ஆக்ஸ் வயரில் மாட்டிப் பாட்டுக் கேட்கிறீர்களா? சார்ஜரை உருவிப் பாருங்கள், பலருக்கு அதோடு தீர்ந்துவிடுகிறது.

தீரவில்லையென்றால், செட்டை அணைத்துவிட்டு ஆம்பிலிருந்து ஆர்சிஏ வயரை உருவி, மறுபடி இன்ஜினோடு போட்டுக் கேளுங்கள். சத்தம் அப்படியே இருந்தால் ஆம்பின் எர்த். மேலே குடியாத்தம் வாசகருக்குச் சொன்ன உப்புத்தாள் வேலைதான். போய்விட்டால் ஆர்சிஏ வயர் அல்லது முன்னால் இருக்கும் செட். பேட்டரியிலிருந்து வரும் தடித்த வயரும் ஆர்சிஏ வயரும் ஒரே பக்கமாக ஒட்டிக்கொண்டு வந்தாலும் இந்தச் சத்தம் ஏறும். ஒன்றை இடது பக்கமும் மற்றதை வலது பக்கமும் இழுக்கச் சொல்லுங்கள். இன்னொரு காரணமும் உண்டு: செட் ஓடும்போதே ஆர்சிஏ வயரைப் பிடுங்கி மாட்டினால் செட்டின் உள்ளே இருக்கும் மெல்லிய எர்த் இணைப்பு எரிந்துபோகலாம். சோதிக்க, ஆர்சிஏ பின்னின் வெளி வளையத்தையும் செட்டின் இரும்பு உடம்பையும் ஒரு துண்டு வயரால் தொட்டு இணையுங்கள். சத்தம் சட்டென்று அடங்கினால் அதுதான்.

கேள்வி: அப்பா காலத்து கேசட் டெக்கை எடுத்துவிட்டு ப்ளூடூத் செட் மாட்டினோம். பழைய வயரையே வைத்துக்கொண்டோம். செட் சூடாகி, கரகரவென்று இழுத்து நின்றுவிடுகிறது. செட் மட்டமானதா? (அரக்கோணம் வாசகி)

பதில்: செட்டைக் குறை சொல்வதற்கு முன் வயரிங்கைப் பாருங்கள், அம்மா. அந்தக் கால டெக்குகள் பலவற்றில் ஸ்பீக்கரின் மைனஸைப் பாடியிலேயே கொடுத்துவிடுவார்கள். ஒரு வயர் மிச்சம். இப்போதைய செட்டுகளில் ஒவ்வொரு ஸ்பீக்கருக்கும் இரண்டு வயரும் செட்டிலிருந்தே போக வேண்டும், எதுவும் பாடியைத் தொடக் கூடாது. செட் ஓடும்போது ஒவ்வொரு ஸ்பீக்கர் வயரிலும் பாடிக்கு எதிராக ஆறு, ஏழு வோல்ட் வரை இருப்பது இயல்பு. அதைப் பாடியில் கொடுத்தால் செட்டுக்குள் இருக்கும் ஐசி (சிப்) சூடாகிப் போய்விடும். ஸ்பீக்கருக்குப் புதிதாக ஜோடி வயர் இழுத்தால் அதே செட் நன்றாகப் பாட வாய்ப்பு அதிகம். இன்னும் ஓட்டாதீர்கள், வயர் மாற்றும்வரை செட்டைக் கழற்றியே வையுங்கள்.

கேள்வி: ஒரே விலையில் இரண்டு ஆம்ப். ஒன்றில் 1000 வாட், மற்றதில் 200 வாட் என்று போட்டிருக்கிறது. எது வாங்குவது? (வாலாஜாபேட்டை வாசகர்)

பதில்: பெட்டியைப் பார்க்காதீர்கள், ஆம்பின் பக்கவாட்டில் இருக்கும் ஃப்யூஸைப் பாருங்கள். ஃப்யூஸில் 15 என்று இருந்தால் அது 15 ஆம்பியருக்கு மேல் தொடர்ந்து இழுக்க முடியாது. 15-ஐ 14 வோல்ட்டால் பெருக்கினால் 210 வாட். உள்ளே போவதே அவ்வளவுதான். அதில் ஏபி வகை ஆம்ப் என்றால் ஏறக்குறைய பாதி சூடாகப் போய்விடும், டி வகை என்றால் ஐந்தில் நான்கு பங்கு வரை ஸ்பீக்கருக்கு வரும். 210 வாட் உள்ளே போகிற பெட்டியிலிருந்து 1000 வாட் எப்படி வெளியே வரும்? ‘ஆர்எம்எஸ்’, அதாவது தொடர்ந்து தரக்கூடிய வாட், எவ்வளவு போட்டிருக்கிறது என்பதை மட்டும் கேளுங்கள். கடைக்காரர் பேச்சை மாற்றினால் வேறு கடைக்குப் போங்கள்.

பழைய ஸ்பீக்கர் வாங்குவதாக இருந்தால், கோனின் ஓரத்தில் இருக்கும் ஸ்பாஞ்சை விரலால் லேசாகக் கிள்ளுங்கள். வெயிலில் காய்ந்தது என்றால் பொடியாக உதிரும். பிறகு இரண்டு பக்கமும் விரல் வைத்துக் கோனை நேராக அழுத்துங்கள். உள்ளே ‘சர்க்’ என்று உரசினால் வேண்டாம்.

கேள்வி: புது ஸ்பீக்கர் எட்டே நாளில் ஊமையாகிவிட்டது. பில் கேட்டபோது கடைக்காரர் தரவில்லை. இப்போது, “நீங்க வயரிங் தப்பா பண்ணிட்டீங்க” என்கிறார். என்ன செய்ய? (வாணியம்பாடி வாசகர்)

பதில்: முதலில் ஸ்பீக்கரைக் கழற்றி, தனியாக மீட்டரில் வைத்து, எண் தெரிகிற மாதிரி படம் எடுங்கள். ஸ்பீக்கரின் சீரியல் எண்ணும் படத்தில் தெரியட்டும். பிறகு ஆம்பின் அந்தச் சேனலில் நன்றாக இருக்கும் இன்னொரு ஸ்பீக்கரை மாட்டி, அது பாடுவதையும் வீடியோ எடுங்கள். வயரிங் தப்பு என்ற பேச்சுக்கு அது பதில்.

2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில், பில் தராமல் விற்பதே நேர்மையற்ற வணிக நடைமுறை. பில்லில் சொன்ன காலத்துக்குள், காலம் எதுவும் சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், குறையுள்ள பொருளைத் திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பதும் அப்படியே. போன் வழியாகப் பணம் கட்டியிருந்தால் அந்த ரசீது உங்கள் சாட்சி. கடைக்காரருக்குத் தேதி போட்டு ஒரு கடிதம் எழுதிப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அப்புறம் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதியுங்கள், பல தகராறுகள் அங்கேயே பேசித் தீர்கின்றன. தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை வேறு ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே மனு கொடுக்கலாம், 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்குக் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை. இரண்டு வருடத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். அதுவரை அந்த ஸ்பீக்கரை யாரிடமும் ரிப்பேருக்குக் கொடுக்காமல், வாங்கிய பெட்டியிலேயே பத்திரமாக வைத்திருங்கள்.