சீமென்ஸ், சீமென்ஸ் எனர்ஜி: கேட்டவங்களுக்கு பதில்

கொழிஞ்சாம்பாறை, வாளையார், கஞ்சிக்கோடு பக்கமிருந்து நிறைய பேர் கேட்டிருக்கீங்க. என் வேலை ஹை வோல்டேஜ், அது தொட்டத மட்டும் விரிவா சொல்றேன்.

கே: ரெண்டும் ஒரே கம்பெனிதானுங்களா?

இல்லீங்க. 1847ல பெர்லின்ல வெர்னர் சீமென்ஸும் ஹால்ஸ்கேயும் தந்திக் கருவி செய்ய ஆரம்பிச்சது, 2020 செப்டம்பர்ல எனர்ஜி மட்டும் தனியா பிரிஞ்சுது. கேஸ் டர்பைன், பெரிய ட்ரான்ஸ்ஃபார்மர், எச்விடிசி (ஹை வோல்டேஜ் டிசி லைன்) எல்லாம் எனர்ஜிக்கு, பிஎல்சி (மெஷின ஓட்டற கண்ட்ரோலர்), ட்ரைவ் (மோட்டார் வேகத்த மாத்தறது), ரயில் எல்லாம் பழைய சீமென்ஸ்லயே. இந்தியாவுலயும் 2025ல பிரிஞ்சு தனியா லிஸ்ட் ஆயிடுச்சு, அதனால ஸ்பேர் கேக்கறப்ப எந்தக் கம்பெனின்னு பாத்துட்டு கேளுங்க.

கே: டிப்ளமோ முடிச்சிருக்கேன், வேலை கிடைக்குமா அண்ணா?

கம்பெனி வெப்சைட்ல அப்ளை பண்ணுங்க தம்பி. வேலைக்குன்னு யாருக்கும் பணம் கட்டாதீங்க.

கே: ஷேர் வாங்கலாமா?

நமக்கு தெரியாத விஷயம்ங்க, ஆடிட்டர கேளுங்க.

கே: புகளூர்-திருச்சூர் டிசி லைன் இவங்க போட்டதா? இவ்ளோ பக்கத்துக்கு ஏசி போதாதா?

நல்ல கேள்வி. மத்திய அரசு கம்பெனி பவர்கிரிட்டோட ப்ராஜெக்ட், ±320 கிலோவோல்ட், 1000 மெகாவாட் வீதம் ரெண்டு லிங்க், ஏசிய டிசியாவும் டிசிய ஏசியாவும் மாத்தற கன்வெர்ட்டர் சீமென்ஸ், கேபிள் ஜப்பான் சுமிட்டோமோ, 2021 பிப்ரவரில நாட்டுக்கு அர்ப்பணிச்சாங்க. கடைசி தூரம் மண்ணுக்கடில கேபிளா போகுது. நீளமான கேபிள்ல ஏசி விட்டா கேபிள சார்ஜ் பண்றதுக்கே கரண்ட்ல ஒரு பங்கு போயிரும், டிசில அந்தத் தொல்லை இல்ல. அதுலயும் இது விஎஸ்சி (டிரான்சிஸ்டர் சுவிட்ச் வெச்ச கன்வெர்ட்டர்) வகை, பவர் திருப்பி அனுப்பணும்னா கரண்ட் திசை மாறினா போதும், வோல்டேஜ் ப்ளஸ் மைனஸ் மாறாது, அதனாலதான் எக்ஸ்எல்பிஇ (பிளாஸ்டிக் இன்சுலேஷன்) கேபிள் தாங்குது. பக்கத்து கிரிட்டுக்கு (கரண்ட் லைன் வலைக்கு) வோல்டேஜ் சப்போர்ட்டும் இதே கன்வெர்ட்டர் குடுக்கும். இந்தியாவுல இந்த வகைல இதுதான் முதல் லிங்க்.

கே: அப்ப கேரளாவுக்கு மட்டும் கேபிள், எங்க தோப்புக்கு டவரா?

இத நாலஞ்சு பேர் கேட்டு உள்ளுக்குள்ள சண்டையே போயிட்டிருக்கு. பாலக்காட்டுலயும் டவர்தாங்க, வடக்கஞ்சேரி தாண்டிதான் கேபிள், அங்க வீடு நெருக்கம், டவருக்கு இடம் கிடைக்கல. கேபிள் செலவு டவர விட பல மடங்கு, முழுசா போட்டிருந்தா ப்ராஜெக்ட்டே நகந்திருக்காது. ஆனா கொங்கு விவசாயிங்க போராடினது நியாயம், கம்பிக்கு கீழ தென்னை வெக்க முடியாதுல்ல, நஷ்ட ஈடு இன்னும் கூட குடுத்திருக்கணும்னுதான் நானும் சொல்வேன். ஒண்ணு மட்டும், லைனுக்கு இடம் எடுத்தது பவர்கிரிட், கன்வெர்ட்டர் செஞ்ச கம்பெனிய திட்றதுல அர்த்தமில்ல.

கே: அந்த லைன்ல இருந்து எங்க ஊருக்கு ஒரு டேப்பிங் (கிளை) எடுக்கலாமா?

முடியாது. நடுவுல எடுக்க இன்னொரு கன்வெர்ட்டர் ஸ்டேஷன் கட்டணும்.

கே: 2023ல சீமென்ஸ் எனர்ஜி ஆட்டம் கண்டுச்சே?

கரண்ட் எடுக்கற காத்தாடி செய்ற அவங்க கிளைக் கம்பெனி சீமென்ஸ் கமேசால தரப் பிரச்சினை, ஜெர்மன் அரசு 750 கோடி யூரோக்கு கேரண்டி குடுத்துச்சு. கேஸ் டர்பைன், கிரிட் பக்கம் ஆர்டருக்கு குறைவில்ல.

கே: ஐடிஐ படிச்சவங்களுக்கு வேலை…

மேல சொல்லிட்டேன் தம்பி. பணம் கேட்டா போன கட் பண்ணுங்க.