கடம்ப மரத்தின் ஜீனோமை (முழு டிஎன்ஏவை) சீக்வென்ஸ் செய்ய எந்தக் கருவி நல்லது?

எம்.எஸ்சி. புராஜெக்ட், அழகர்மலை அடிவாரத்து மரம் என்கிறீர்கள். கருவியைப் பற்றி கடைசியில் யோசியுங்கள். பேக்பயோவோ நானோபோரோ (டிஎன்ஏவை நீளத் துண்டுகளாக வாசிக்கும் லாங் ரீட் கருவிகள்), வேலை கெடுவது டிஎன்ஏ எடுக்கும்போதுதான்.

முதலில் மரம் எது? கடம்பு என்று காட்டுவது வெண்கடம்பாகவும் இருக்கலாம், நீர்க்கடம்பாகவும் இருக்கலாம்; பேரினமே வேறு. பூவோடு ஒரு கிளையை ஹெர்பேரியத்துக்கு (உலர் தாவரச் சேகரிப்பு) உலர்த்தி வையுங்கள்.

இரண்டும் காபி குடும்பம். இலையில் டானினும் பாலிஃபீனாலும் உண்டு. அரைத்ததும் அவை ஆக்சிஜனேற்றமாகி டிஎன்ஏவோடு ஒட்டும், பெல்லட் (டியூபின் அடியில் படியும் டிஎன்ஏ) பழுப்பாகும். கொழகொழவென்று வந்தால் பாலிசாக்கரைடு. ஆகவே துளிர் இலைதான். முடிந்தால் கிளையை இரண்டு நாள் கறுப்புத் துணியால் மூடி, ஸ்டார்ச் குறைந்தபின் பறியுங்கள். பறித்த இடத்திலேயே திரவ நைட்ரஜனில் போடவேண்டும். மாட்டுக்கு சினை ஊசி போடும் கால்நடை மருந்தகங்களில் வைத்திருப்பதும் அதே நைட்ரஜன்தான். யார் சப்ளை செய்கிறார்கள் என்று அங்கே விசாரிக்கலாம்.

பஃபர் (இலையிலிருந்து டிஎன்ஏவைப் பிரிக்கும் கரைசல்): 2% சிடேப் (CTAB, சோப்பு போன்ற பொருள்), 1.4 மோலார் சோடியம் குளோரைடு, 100 மில்லிமோலார் டிரிஸ் (பிஎச் 8), 20 மில்லிமோலார் எடிடிஏ, 2% பிவிபி (பாலிஃபீனாலைப் பிடித்துக்கொள்வது). மெர்காப்டோஎத்தனாலைப் பயன்படுத்தும் நேரத்தில் மட்டும் ஃபியூம் ஹூடுக்குள் சேருங்கள். அரைத்த இலையை அதில் போட்டு 65 டிகிரியில் முக்கால் மணி. பிறகு குளோரோஃபார்ம்–ஐசோஅமைல் ஆல்கஹால் 24:1, இரண்டு தடவை. வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கும் கருவி) பக்கமே போகாதீர்கள், டிஎன்ஏ உடைந்துவிடும். டியூபை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்தினால் போதும். பிப்பெட் டிப் நுனியை வெட்டிவிட்டு உறிஞ்சுங்கள். இந்தக் கட்டத்தில் சென்ட்ரிஃபியூஜை 4 டிகிரியில் ஓட்டக்கூடாது. 15 டிகிரிக்குக் கீழே சிடேப்பே படிந்துவிடும். அப்படி ஓட்டிவிட்டு புரோட்டோகாலைத் திட்டுவார்கள்.

நானோடிராப் (ஒளி உறிஞ்சலை வைத்து அளக்கும் கருவி) காட்டும் டிஎன்ஏ அளவை மட்டும் நம்பாதீர்கள். டிஎன்ஏவோடு மட்டும் ஒட்டும் சாயத்தால் அளக்கும் க்யூபிட்டைவிட அது பல மடங்கு காட்டினால் ஆர்என்ஏவோ ஃபீனாலோ இருக்கிறது. தூய்மையைக் காட்டும் ஒளி உறிஞ்சல் விகிதங்களில் 260/280 1.8-ஐ ஒட்டியும் 260/230 2-ஐ ஒட்டியும் வரவேண்டும்.

'கிட் போதுமே' என்று கமெண்டில் வருவார்கள். பிசிஆருக்கு (டிஎன்ஏவின் சிறு பகுதியை நகலெடுப்பது) போதும், மறுக்கவில்லை. சாதாரண காலம் (column) கிட்டில் டிஎன்ஏ துண்டாகிவிடும். லாங் ரீடுக்கு ஆகாது.

வெண்கடம்பின் ஜீனோமை சீன ஆய்வாளர்கள் ஏற்கெனவே வெளியிட்டுவிட்டார்கள், சுமார் 74 கோடி எழுத்துகள். புதிதாகக் கட்ட 30 மடங்கு (ஒவ்வொரு எழுத்தையும் சராசரியாக 30 தடவை) என்றால் 2,200 கோடி எழுத்துகள் வாசிக்கவேண்டும். மதுரை மரம் எதில் வேறுபடுகிறது என்பதுதான் கேள்வியென்றால் அது வீண்செலவு. 15 மடங்கு ஷார்ட் ரீட் எடுத்து அந்த ஜீனோமோடு ஒப்பிடுங்கள், குட்டித் துண்டுகளை வாசிக்கும் இல்லுமினா கருவி போதும். நீர்க்கடம்பு என்றால் கதை வேறு, பேரினமே வேறு என்பதால் இந்த ஜீனோமோடு அப்படி ஒப்பிட முடியாது.

காப்புக்காடாக இருந்தால் வனத்துறை அனுமதி முதலில். பட்ஜெட்டில் குளோரோஃபார்முக்கும் டிப்புக்கும் தனியாக எழுதி வாங்குங்கள். பல லட்சத்துக்கு மெஷின் வாங்கி உறை பிரிக்காமல் வைத்திருக்கும் கல்லூரிகளில் இதற்கு மட்டும் மூன்று கொட்டேஷன் கேட்பார்கள்.