மாடிப்படி ஏறினால் நெஞ்சு இறுக்கம்: இன்றே கிளம்புங்கள்

கேள்வி: எனக்கு 46 வயது. கன்னட நடிகர் புனித் ராஜ்குமார் இறந்த அதே வயது. நடிகர்கள் விவேக், மாரிமுத்து, பாடகர் கே.கே., பாடலாசிரியர் நா. முத்துக்குமார் என்று நினைத்து நினைத்தே தூக்கம் போய்விட்டது. கண் துடிக்கிறது, இடது கை விரல்கள் மரத்துப்போகின்றன. மூன்று வாரமாக மாடி ஏறினால் நெஞ்சு இறுக்கம் வேறு. நின்றால் ஐந்து நிமிடத்தில் அடங்கிவிடும். முதலில் மூன்றாவது மாடியில் வந்தது, இப்போது முதல் மாடியிலேயே வருகிறது. வாயு என்று பான்டோப்ரசோலும், யூடியூப் பார்த்து ஆஸ்பிரினும் போடுகிறேன். கொரோனா தடுப்பூசிதான் காரணமா?

பதில்: நீங்கள் போகிறபோக்கில் எழுதிய மாடிப்படி விஷயம்தான் இதில் முக்கியம். மூன்றாவது மாடியில் வந்த இறுக்கம் மூன்றே வாரத்தில் முதல் மாடிக்கு இறங்கிவிட்டது. இதய ரத்தக்குழாயில் கொழுப்புப் படிவு கிழிந்து, அதன்மேல் ரத்தம் உறையத் தொடங்கினால் வலி இப்படித்தான் நெருங்கி வரும். ஏறும்போது இதயம் கூடுதல் ரத்தம் கேட்கிறது, குறுகிய குழாயால் கொடுக்க முடியவில்லை. நின்றதும் தேவை குறைகிறது, வலி அடங்குகிறது. வாயுத்தொல்லை சாப்பாட்டை ஒட்டி வரும். மாடிப்படியை ஒட்டி வருவதை வாயு என்று நீங்களே முடிவு கட்டாதீர்கள்.

கேத்லேப் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துச் சரிசெய்யும் கூடம்) உள்ள மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இன்றே போங்கள். அங்கே 'வாயு' என்ற வார்த்தையே வேண்டாம். 'நடந்தால் நெஞ்சு இறுக்கம், நாளுக்கு நாள் கூடுகிறது' என்று சொல்லுங்கள். பத்து நிமிடத்துக்குள் ஈசிஜி எடுப்பார்கள். வலியில்லாத நேரத்தில் அது நார்மலாகவே வரலாம், அந்தத் தாளை நம்பி வீட்டுக்குத் திரும்பிவிடாதீர்கள். இதயத் தசை பாதிப்பைக் காட்டும் ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையைச் சில மணி நேர இடைவெளியில் இரண்டாவது முறையும் பார்க்க வேண்டும். மாஸ்டர் செக்கப்பில் டிரெட்மில் ஓடிப் பார்க்கலாம் என்று மட்டும் நினைக்காதீர்கள். வலி கூடிவரும் நேரத்தில் அது ஆபத்து.

உட்கார்ந்திருக்கும்போதே இறுக்கம் வந்தாலோ, பத்து நிமிடத்தில் விடாவிட்டாலோ, வியர்த்துக் கொட்டினாலோ 108-ஐ அழையுங்கள். வண்டியை நீங்கள் தொடவே கூடாது. மாரிமுத்து 2023 செப்டம்பரில் டப்பிங்கின்போது உடம்பு சரியில்லாமல் போக, தானே காரை ஓட்டிக்கொண்டு மருத்துவமனைக்குப் போனார். பிழைக்கவில்லை. மாரடைப்பில் இதயத் துடிப்பு தாறுமாறானால் சில நொடிகளில் நினைவு தப்பிவிடும். அப்போது ஸ்டியரிங் உங்கள் கையில் இருக்கக்கூடாது.

கே.கே. 53 வயதில், 2022 மே 31 அன்று கொல்கத்தா மேடையிலிருந்து இறங்கிய சற்று நேரத்தில் மாரடைப்பில் போனார். அவர் அறையில் ஆன்டாசிட் (அமிலம் குறைக்கும்) மாத்திரைகள் இருந்ததாகச் செய்தி வந்தது. உங்கள் பான்டோப்ரசோல் பட்டையைப் பற்றிப் படித்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது.

ஆஸ்பிரினை இன்று நிறுத்தவும் வேண்டாம், கூட்டவும் வேண்டாம். எத்தனை மில்லிகிராம், எத்தனை நாளாக என்று டாக்டரிடம் சொல்லுங்கள். யூடியூப்காரருக்கு உங்கள் வயிற்றில் புண் இருக்கிறதா என்று தெரியாது. அடுத்தவர் தந்த நெஞ்சுவலி மாத்திரை சார்பிட்ரேட்டை நாக்கடியில் வைக்காதீர்கள். ரத்த அழுத்தம் சரிந்து மயங்கி விழலாம், வயாகரா வகை மாத்திரை போட்டிருந்தால் உயிருக்கே ஆபத்து.

கண் துடிப்பு தூக்கமில்லாததால் வருவது, விட்டுத்தள்ளுங்கள். விரல் மரப்பு பெரும்பாலும் கழுத்து அல்லது மணிக்கட்டு நரம்பு, அதைப் பிறகு பார்க்கலாம். நா. முத்துக்குமார் 41 வயதில் இறந்தது மஞ்சள் காமாலையால், அவரை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள். விவேக் இறப்புக்குத் தடுப்பூசி காரணமல்ல என்று அரசுக் குழு ஆராய்ந்து சொல்லிவிட்டது.

பழைய ஈசிஜி வீட்டில் இருந்தால் கையோடு எடுத்துப் போங்கள். புதியதை அதோடு ஒப்பிட்டால் சின்ன மாற்றமும் டாக்டருக்குத் தெரியும்.